கல்யாணக் காருக்குப் பின்னால் வரும் கடல்

தாழந்துறையில் கல்யாணக் கார் புறப்பட்டால் கடல் பின்னால் வரும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டதும் வாயைப் பிளப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அதில் பிளக்க ஒன்றும் இல்லை. பெண் வீட்டு வாசலில் கார் கிளம்பி, கடற்கரைத் தெருவில் ஊர்ந்து, சந்தை முக்கில் திரும்பி, மாதா கோயில் படிக்கட்டில் போய் நிற்கும்வரை, கடலும் கரையை விட்டு எழுந்து, தெருவின் அகலத்துக்குத் தன்னை ஒடுக்கிக்கொண்டு, பசுவுக்குப் பின்னால் கன்று வருகிற மாதிரி காரின் பின்சக்கரத்தை முகர்ந்துகொண்டே வரும். பெண் இறங்கிக் கோயிலுக்குள் போனதும் வந்த வழியே திரும்பிவிடும்.

முதல்முதலாக அது வந்தது ஐஸ் கம்பெனி முதலாளி மகள் கல்யாணத்தில். அன்றைக்கு ஊர் அலறிக்கொண்டு மாடி தேடி ஓடியது. அடுத்த கல்யாணத்தில் ஓடவில்லை, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த கல்யாணத்துக்குப் பேண்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டே வீட்டிலிருந்து கிளம்பியது. பிறகு எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. வாசல்படிகளை உயர்த்திக் கட்டினார்கள், டீக்கடை பெஞ்சுக்கு அடியில் செங்கல் வைத்தார்கள், கல்யாணப் பத்திரிகையில் பூசை நேரத்துக்குக் கீழே 'மாற்று வேட்டி சேலை கொண்டுவரவும்' என்று அச்சடித்தார்கள். தெருவில் தங்கிப்போகிற மீன் யாருக்கு என்று ஒரு சண்டை வந்து, ஊர்க்கமிட்டி கூடி, யார் வாசலில் துள்ளுகிறதோ அவர்களுக்கு என்று தீர்த்து வைத்தது; அன்றுமுதல் கடற்கரைத் தெருப் பெண்கள் கல்யாண நாளில் சந்தைக்குப் போவதில்லை, மசாலாவை அரைத்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வார்கள். பங்குச் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கடலைப் பார்த்தே பேசினார். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வா, படியேறிக்கூட நில், பூசைக்குள் மட்டும் வராதே என்றார். கடலும் கேட்டுக்கொண்டது.

கார் வாடகைக்கு விடுகிறவர்கள் பாடுதான் பாடு. உப்புத்தண்ணீர் பட்டு வண்டியின் அடிப்பாகம் அப்பளமாக நொறுங்கியது. ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் நல்லதண்ணீர் பீய்ச்சிக் கழுவி, கழிவு ஆயிலைப் பிரஷ்ஷால் தடவினார்கள். வெள்ளை அம்பாசிடர் வைத்திருந்த காஸ்மீர், சைலன்சர் குழாயைப் பின்பக்கமாக மேலே வளைத்து வெல்டிங் வைத்துக்கொண்டார். சந்தை முக்கில் புதிதாகக் கடை போட்ட ஒருவன் 'கடல் வரும் கார் இங்கே கிடைக்கும்' என்று போர்டே எழுதி மாட்டினான்.

இதோடு நின்றிருந்தால் நல்லது. ஆனால் அளவு என்று ஒன்று வந்து தொலைத்தது. எவளுக்கு எவ்வளவு வந்தது என்பதுதான் அப்புறம் பேச்சே. இவளுக்குப் பாதம் நனைந்தது, அவளுக்குக் கரண்டைக்கால் வரை வந்தது என்று குழாயடியில், ஏலக்கூடத்தில், பூசையில் முழங்கால் போட்டிருக்கிற நேரத்திலும் பேசினார்கள். கடல் அதிகம் வந்த பெண்ணுக்கு மாமியார் வீட்டில் மரியாதை. மடத்துச் சிஸ்டர்கள் வளர்த்த அமலி என்கிற பிள்ளையை, மனைவி செத்துப்போன ஒரு வலைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்த அன்று ரோட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை. கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. ராசியில்லாதவள் என்று ஊர் அவளுக்குப் பேர் வைத்தது. முதலில் வைத்தவள் பெர்னதத்.

பெர்னதத்தின் கதைதான் இது. அவள் வாய் அப்படி. ஆனால் அன்றைக்கு அவளுக்கு யார்மேலும் வருத்தம் இல்லை. வருத்தம் வந்தது அவளுடைய ஓரகத்தி கொரற்றியின் மகள் மெர்சிலின் கல்யாணத்தில்.

பெர்னதத்தின் புருஷன் தொம்மைக்கு அண்ணன் பெண்டாட்டி கொரற்றி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் எது வந்தாலும் இந்தப் பக்கம் வயிறு எரியும். கொரற்றி கிரைண்டர் வாங்கினாள், எரிந்தது. கொரற்றியின் முருங்கை காய்த்துத் தள்ளியது, எரிந்தது. கொரற்றி அந்த முருங்கைக்காயில் பாதியைக் கொண்டுவந்து இவள் வாசலில் போட்டபோது இன்னும் கூடுதலாக எரிந்தது. பெர்னதத் இதை யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கே தெரியும்.

தாழந்துறையில் ஒரு வழக்கம். கல்யாணக் காரில் டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கிற முன்சீட்டு, பெண்ணின் அப்பாவோடு பிறந்தவனுடைய மனைவிக்கு உரியது. பெரியம்மாவோ சித்தியோ, வீட்டுப் பீடத்தில் ஏற்றிய மெழுகுதிரியைக் கண்ணாடிக் கூண்டோடு மடியில் வைத்துக்கொண்டு கோயில்வரை அணையாமல் கொண்டுபோக வேண்டும். பெற்றவள் மற்றப் பெண்களோடு காருக்குப் பின்னால் நடந்து வருவாள். மெர்சிலின் கல்யாணத்தில் அந்த மெழுகுதிரி பெர்னதத்துக்கு வரவேண்டியது. கொரற்றி அதைச் சென்னையிலிருந்து வந்த தன் உடன்பிறந்த அக்காவிடம் கொடுத்துவிட்டாள்.

"அக்காவுக்கு மூட்டு வலிட்டி, நடக்க முடியாது. நீ என்கூட நடந்து வாயேன்," என்றாள் கொரற்றி.

பெர்னதத் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். உள்ளே என்ன நடந்தது என்பதை எழுதினால் இந்தத் தாள் கருகிவிடும். புதுப் பட்டைக் கட்டிக்கொண்டு, காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த ரோஜாப்பூக்களையும், அதற்கு அப்பால் முன்சீட்டில் தெரிந்த அந்தச் சென்னைக்காரியின் கொண்டையையும் பார்த்தபடியே கடற்கரைத் தெரு முழுக்க நடந்தாள், ஒவ்வொரு அடிக்கும் எரிந்துகொண்டே நடந்தாள், எரிந்ததில் தன் காலுக்குப் பின்னால் குளிர்ந்துகொண்டே வந்த தண்ணீரைக்கூட அவள் கவனிக்கவில்லை. அன்று கடல் முழங்காலைத் தாண்டி வந்தது. ஊரில் அதுவரை யாருக்கும் அப்படி வந்ததில்லை. பெரிய பெரிய பாறை மீன்கள் வாசலுக்கு வாசல் துள்ளின. கொரற்றி மகள் ராணி மாதிரி புருஷன் வீட்டுக்குப் போனாள்.

அப்புறம் பெர்னதத் மகள் ஜெனோவாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீடு உள்நாட்டில், மிளகாய் வியாபாரம். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"உங்க ஊருல கடல் வருமாமே. ஒங்க ஓரகத்தி மகளுக்கு முழங்காலுக்கு மேல வந்துச்சாம். நம்ம பிள்ளைக்கும் வரும்லா? எங்க ஆளுக வேன் புடிச்சு வாறாக, பாக்கணும்னு."

"வராம எங்க போவுது? அதுக்கு மேல வரும்," என்றாள் பெர்னதத்.

சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வராவிட்டால் ஜெனோவாவும் இன்னொரு அமலி ஆகிவிடுவாள். வந்து, முழங்காலுக்குக் கீழே நின்றுவிட்டாலும் சுவருக்கு அந்தப் பக்கம் கொரற்றி ஜெயித்ததாகிவிடும். இந்த இரண்டில் எது அவளை அதிகம் பயமுறுத்தியது என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஜெனோவாவுக்குக் கூரை திறக்கிற கார் வேண்டும். நாகர்கோவிலில் கிடைக்கிறது, நீளமான கறுப்புக் கார், மேலே ஒரு கதவு திறக்கும், பெண் எழுந்து நின்று கையசைக்கலாம். போனில் படத்தைக் காட்டினாள். தொம்மைக்கும் ஆசைதான்.

"பிள்ளை கேக்குதுல்லா. ஒரு நாளு நின்னுட்டுப் போட்டுமே," என்றார்.

"கடல் அந்தக் காருக்கு வரும்னு எழுதியா குடுத்திருக்கான்?" என்றாள் பெர்னதத். "மெர்சிலினுக்கு எந்தக் காரோ அதே காரு. மாத்திப் பேசாதீங்க."

"அம்மாவுக்கு என் கல்யாணமா, இல்ல பெரியம்மாகூடப் போட்டியா?" என்று கேட்டுவிட்டு ஜெனோவா எழுந்து போய்விட்டாள்.

பெர்னதத் காஸ்மீரின் ஷெட்டுக்குப் போனாள். அம்பாசிடர் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அதே வண்டி வேணும் தம்பி. மெர்சிலினுக்கு ஓட்டுன மாதிரியே ஓட்டணும். அன்னைக்கு எந்தக் கியருல போனீரு?"

"அந்தத் தெருவுல ஒண்ணாங் கியருக்கு மேல எங்க மைனி போட?"

"என்ன சட்டை போட்டிருந்தீரு?"

காஸ்மீர் குவளையைக் கீழே வைத்தார். "மைனி, ஒங்ககிட்டச் சொல்லுதேன், வெளிய சொல்லிராதீங்க. வண்டிக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. இதே வண்டியிலதான் அமலியயும் கொண்டுபோனேன். புழுதிதான் பறந்துச்சு. இத நான் வெளிய சொன்னா எவன் இந்தப் பழைய தகரத்த வாடகைக்கு எடுப்பான்?"

"அப்ப எதுக்குத்தான் வருது?"

"தெரியலியே. நான் முன்னால பாத்துல்லா ஓட்டுதேன்."

அது அவளுக்குப் பதிலாகப் படவில்லை. பூக்கட்டுகிறவரிடம் போய் மெர்சிலின் காருக்கு வைத்த அதே ரோஜா, அதே சம்பங்கிச் சரம் என்றாள். அதே பேண்டு வாத்தியம். அதே பூசை நேரம். காஸ்மீருக்கு அதே நீலச் சட்டையைத் தோய்த்துப் போடச் சொன்னாள். தெருவில் யாரைப் பார்த்தாலும் நிறுத்தி, "மெர்சிலினுக்கு வந்தப்ப நீங்க எங்க நின்னிய? என்ன பாத்திய?" என்று கேட்டாள். ஐஸ் கம்பெனி முதலாளி வீட்டுக்கும் போனாள், அமலி வீட்டு வாசலில்கூடக் கொஞ்சநேரம் நின்றுவிட்டு உள்ளே போக முகமில்லாமல் திரும்பினாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, தாடை எலும்பு தெரிய அலைந்த அவளைப் பார்த்து ஊருக்கே இரக்கமாகிவிட்டது. பாவம் பெர்னதத், அவள் மகளுக்கு ஒரு ரெண்டு முழம் வந்துவிட்டுப் போகட்டும் என்று, வாசலில் மசாலா அரைக்கிறவர்கள்கூட வேண்டிக்கொண்டார்கள்.

கொரற்றி ஒரு நாள் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு கவர்.

"ஏட்டி, முன்சீட்டுல உக்கார நான் இந்தச் சேலைய எடுத்திருக்கேன். நல்லாருக்கா பாரு. மெழுகுதிரி வெளிச்சத்துக்கு இந்தக் கலரு எடுப்பா இருக்கும்லா?"

சேலை நன்றாகவே இருந்தது. அதுதான் பெர்னதத்துக்குப் பொறுக்கவில்லை.

"முன்சீட்டுல நான் உக்காரப்போறேங்க்கா," என்றாள்.

"பெத்தவளா? அப்பிடி வழக்கம் இல்லியேட்டி."

"வழக்கத்த நீங்கதான மொதல்ல மாத்துனிய."

கொரற்றியின் முகம் ஒரு கணம் விழுந்தது. அதைப் பார்க்கத்தான் பெர்னதத் இத்தனை மாதம் காத்திருந்தாள். ஆனால் விழுந்த முகத்தைக் கொரற்றி உடனே எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டு, "சரிட்டி. எனக்கென்ன, காலு நல்லாத்தான இருக்கு. பின்னால நடந்து வாறேன். பிள்ளைக்கு நல்லாக் கடல் வரட்டும், அது போதும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். போனவள் சும்மா இருக்கவில்லை. ஜெனோவாவுக்குக் கடல் வரவேண்டும் என்று மாதாவுக்கு ஒன்பது நாள் ஜெபமாக நவநாள் பிடித்தாள். ஜெபம் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் கேட்டது. நடிக்கிறாள் என்று பெர்னதத் காதில் பஞ்சை வைத்துக்கொண்டாள்.

கல்யாண நாள் வந்தது. தெருவில் இரண்டு பக்கமும் ஊர் நின்றது, சேலை தூக்கிச் செருகி, பேண்டு மடித்து, பெஞ்சில் ஏறி. சந்தை முக்கில் உள்நாட்டுக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, போனைக் கையில் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெர்னதத் மெழுகுதிரிக் கூண்டை மடியில் வைத்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்சீட்டில் ஜெனோவா, கூரை திறக்காத காரில், அம்மாவோடு ஒரு வார்த்தை பேசாமல். நீலச் சட்டைக் காஸ்மீர் ஒன்றாம் கியரைப் போட்டார். பேண்டு முழங்கியது. கார் நகர்ந்தது.

கடல் வரவில்லை.

பெர்னதத் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். ரோடு வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. தூரத்தில் கடல் தன் இடத்தில் படுத்து, யாரையோ அழைத்துப்போகிறார்கள் போல என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஐஸ் கம்பெனி வந்தது, டீக்கடை வந்தது, வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் மசாலாக் கிண்ணத்தை ஒவ்வொருவராக உள்ளே எடுத்துவைத்தார்கள். யாரும் கேலி பேசவில்லை. எல்லார் முகத்திலும் ஐயோ பாவம். அந்த முகங்களைப் பார்க்க முடியாமல் அவள் மெழுகுதிரியைப் பார்த்தாள். காருக்குப் பின்னால் புழுதி எழும்பியது, அமலிக்கு எழும்பிய அதே புழுதி.

எல்லாம் அதே தானே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அதே கார், அதே பூ, அதே பேண்டு, அதே சட்டை. எது மாறியது? அப்போது கண்ணாடியில் புழுதிக்குள் கொரற்றி தெரிந்தாள். எடுப்பான அந்தச் சேலை முட்டுவரை புழுதியாகி, செருப்பில்லாமல், ஜெபமாலையை உருட்டிக்கொண்டே நடந்து வந்தாள். திரும்பித் திரும்பிக் கடலைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. நடிப்பு இல்லை. ஒரு பொட்டு எரிச்சல் இல்லை.

மாறியது ஒன்றே ஒன்று. மெர்சிலின் காருக்குப் பின்னால் நடந்தவள் பெர்னதத். இன்றைக்கு நடக்கிறவள் கொரற்றி.

பெர்னதத் ஒவ்வொரு கல்யாணமாக எண்ணிப் பார்த்தாள். ஐஸ் கம்பெனி முதலாளி மகளுக்குப் பின்னால் ஊரே பொருமிக்கொண்டு நடந்தது. அமலியைப் பார்த்துப் பொறாமைப்பட ஊரில் ஒரு நாய்கூட இல்லை. மெர்சிலினுக்குப் பின்னால், எல்லாருக்குமாகச் சேர்த்து எரிய இவள் ஒருத்தியே போதும் என்று இருந்தாள். கடல் காருக்குப் பின்னால் வரவேயில்லை. பின்னால் எரிந்துகொண்டு போகிறவளுக்குப் பின்னால் வந்திருக்கிறது. இன்றைக்கு இவளைப் பார்த்து எரிய ஒருவருமில்லை, அத்தனை பேரும் நல்ல மனசோடு வேண்டிக்கொண்டார்கள். அந்த நல்ல மனசுதான் ரோட்டைக் காயப்போட்டு வைத்திருக்கிறது.

"நிறுத்தும் தம்பி," என்றாள்.

காஸ்மீர் திடுக்கிட்டுப் பிரேக் போட்டார். பேண்டு நின்றது. பெர்னதத் கதவைத் திறந்து இறங்கி, புழுதிக்குள் நின்ற கொரற்றியின் கையில் மெழுகுதிரிக் கூண்டைக் கொடுத்தாள்.

"ஏறுங்கக்கா. ஒங்க சீட்டு இது. நான்தான் கிறுக்கி."

சத்தியமாக அவள் வெட்கத்தில்தான் அதைச் செய்தாள். கடல் வந்தாலும் வராவிட்டாலும் கொரற்றிக்குரியதை அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும்தான் அந்த நிமிடத்தில் நினைத்தாள். கொரற்றி சேலையை உதறிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். மெழுகுதிரி வெளிச்சம் அவள் முகத்தில் ஏறியது. பின்சீட்டிலிருந்து ஜெனோவா முன்னால் எட்டி, "பெரியம்மா!" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்தாள். காலையிலிருந்து அந்தப் பிள்ளை முகத்தில் வராத சிரிப்பு. பெற்றவளுக்குக் காட்டாத சிரிப்பு.

பெர்னதத் பார்த்தாள். வெட்கம் எங்கே போனதோ தெரியவில்லை. பத்து மாதம் சுமந்தவள் நான், கழுத்தைக் கட்டிக்கொள்ள அவளா என்று அடியிலிருந்து ஒன்று எழுந்தது. கிரைண்டரும் முருங்கையும் சென்னைக்காரியின் கொண்டையும் அதற்குமுன் தூசு. கார் நகர்ந்தது. அவள் பின்னால் நடந்தாள், பின்கண்ணாடியில் ஒட்டிய ரோஜாவுக்குள் இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள், வேண்டாம் வேண்டாம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டே எரிந்தாள், எரிய எரியக் குதிகாலில் குளிர்ந்தது.

"வருது! வருது!" என்று ஊர் கத்தியது.

கரண்டை, கெண்டைக்கால், முழங்கால். டீக்கடை பெஞ்சு மிதந்தது. பேண்டுக்காரர்கள் டிரம்மைத் தலைக்குமேல் தூக்கி வைத்து அடித்தார்கள். சந்தை முக்கில் உள்நாட்டுக்காரர்கள் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்ட, மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையோடு தண்ணீருக்குள் இறங்கி நின்று அழுதாள். பெர்னதத்தின் இடுப்பைச் சுற்றிக் கடல் வந்து பிடித்துக்கொண்டது. ஒரு மீன் அவள் முந்தானைக்குள் புகுந்து வெளியே போனது. நினைத்ததெல்லாம் கிடைத்துவிட்டது, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் இரண்டையும் செய்தாள்.

மாதா கோயில் படிக்கட்டில் கார் நின்றது. தொம்மை மகளைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனார். கடல் வழக்கம்போல மெதுவாகப் பின்வாங்கத் தொடங்கியது. கொரற்றி மெழுகுதிரியோடு கோயில் வாசலுக்கு ஏறி, திரும்பி, சந்தை முக்குவரை பரந்து கிடந்த தண்ணீரையும், இடுப்புவரை நனைந்து சொட்டச் சொட்டப் படியேறி வருகிற ஓரகத்தியையும் பார்த்தாள்.

"இடுப்பளவுல்லாட்டி வந்துட்டு," என்றாள். குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது. "என் பிள்ளைக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலதான் வந்துச்சு."

சொல்லும்போது அவள் வாய் ஓரத்தில் ஒரு சின்னச் சுருக்கம் விழுந்தது. பெர்னதத்துக்குத் தெரியாதா அந்தச் சுருக்கம். அவள் தினமும் கண்ணாடியில் பார்த்துப் பழகியது.

பின்வாங்கிக்கொண்டிருந்த கடல் நின்றது. கொஞ்சம் யோசித்தது. பிறகு படிப்படியாக மேலே ஏறி வந்து கொரற்றியின் பாதத்தை நனைத்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

பெர்னதத் ஓரகத்தியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா," என்றாள் காதோரமாக, "மனசக் கொஞ்சம் அடக்குங்க. பூசை முடியட்டும்."